சாம்பலும் புளியும் பாச்சை உருண்டையும்

(சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் தோட்டக் குடும்பத்தார் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வீடு கூட்டுவதையும் பாத்திரம் துலக்குவதையும் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று நம் தோழர்களில் சிலர் சிரித்தார்கள். சங்கம் என்றால் சம்பளம் பேச வேண்டும், மருத்துவ வசதி பேச வேண்டும், இதென்ன விளக்குமாற்றுப் பேச்சு என்றார்கள். சம்பளம் பேசத்தான் வேண்டும், பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால், போராடி வாங்கிய வெள்ளி, கடைக்காரன் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வண்ண வண்ணப் போத்தல்களுக்குப் போகிறதே, அதை யார் பேசுவது? தரைக்கு ஒரு போத்தல், கண்ணாடிக்கு ஒரு போத்தல், அடுப்புக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, அதற்கு மேல் வாசனைக்கு ஒன்று! இவற்றில் பாதி வேலையை நம் அடுப்பங்கரையில் இருக்கும் சாமான்களே செய்துவிடும். அது முதல் விஷயம். மற்றொன்றும் உண்டு, அது காசைவிடப் பெரியது. வீட்டைச் சுத்தம் செய்யப் போய்ப் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆகிவிடக்கூடாது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ரயில் ஏறினால் தோபி காட் என்று ஒரு நிலையம் வருகிறது. மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் பெரிய நிலையம். தினமும் ஆயிரக்கணக்கானவர் ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று நின்று யோசிப்பவர் எத்தனை பேர்? தோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் நீர்த்துறைப் படிக்கட்டு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, இன்று ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் நிற்கும் பக்கத்து வெளியில் உலர்த்தினார்கள். ஓடை பிற்பாடு ஸ்டாம்ஃபர்டு கால்வாயாகிவிட்டது. கவர்னர்கள் பெயரில் சாலைகள் இருக்கின்றன, வியாபாரிகள் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. தொழிலாளி பெயரில் ஊருக்கு நடுவே ஒரு நிலையம் இருக்கிறதென்றால் அது அழுக்கு வெளுத்தவன் பெயரில்தான்!

அந்தச் சலவைத் தொழிலாளியிடம் இருந்த சரக்கு என்ன? நம் ஊர்ப் பக்கத்து முறையைச் சொல்லுகிறோம். உவர்மண், சாம்பல், வெள்ளாவிப் பானை, கஞ்சி, கொஞ்சம் நீலம். அவ்வளவே. உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. இன்று கடையில் சலவைச் சோடா என்று பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அதே சரக்கு. விறகுச் சாம்பலில் இருப்பது அதன் உடன்பிறப்பான பொட்டாஷ் உப்பு. இரண்டும் காரம். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல; எண்ணெய்ப் பிசுக்கைத் தின்று நீரில் கரைத்துவிடும் குணம். துணியை உவர்மண் நீரில் தோய்த்து வெள்ளாவியில் ஏற்றினால் கீழிருந்து எழும் ஆவி நூலிழைக்குள் புகுந்து பிசுக்கை இளக்கும். சூட்டில் பேன், பூச்சி, கிருமி எல்லாம் சாகும். பிறகு வெயில். வெயிலும் ஒரு வெளுப்பு மருந்துதான். காசு கேளாத மருந்து. நீலம் போடுவது எதற்கு? வெள்ளைத் துணி பழக்கத்தில் மஞ்சள் தட்டும். நீலச் சாயல் சிறிது சேர்ந்தால் கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும். அழுக்கு போவதற்கும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை! இன்றைய சலவைத் தூள்களிலும் இதே கண்கட்டு வேலை இருக்கிறது. ஒளிரும் பொருள் ஒன்றைக் கலந்து, 'வெண்மையோ வெண்மை' என்று விளம்பரம் செய்கிறார்கள்.

தோழர்களே, அழுக்கு எல்லாம் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் போத்தல்கள் வேண்டியதில்லை. பிசுக்கு ஒரு ஜாதி. களிம்பும் துருவும் வேறு ஜாதி. பிசுக்குக்குக் காரம் வேண்டும். சாம்பல், சோடா, சவர்க்காரம் எல்லாம் அந்தக் கட்சி. களிம்புக்கும் கறைக்கும் புளிப்பு வேண்டும். புளி, எலுமிச்சை, காடி எல்லாம் இந்தக் கட்சி.

இதைப் படித்தவர்கள் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வெட்டும் தோழரைக் கேளுங்கள்! வெட்டிய பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் உறையாமலிருக்க என்ன ஊற்றுகிறோம்? அமோனியா. அது காரம். ஸ்டோரில் பாலை உறையவைத்துத் தகடாக்க என்ன ஊற்றுகிறார்கள்? ஃபார்மிக் ஆசிட். அது புளிப்பு. எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, சில எறும்புகளின் விஷத்திலும் அதே சரக்குதான். ஆகவே, காரம், புளிப்பு என்ற இந்த ரசாயனப் பாடத்தை நாம் ஒவ்வொரு நாளும் வாளியில் சுமக்கிறோம். சட்டையில் பால் சிந்தினால் எலுமிச்சை தேய்க்கலாகாது என்பது இதனால்தான். புளிப்புப் பட்டால் பால் நூலிழைக்குள்ளேயே உறைந்து ரப்பராகிவிடும். பிறகு அந்தச் சட்டைக்கு விமோசனம் இல்லை. ஈரம் காயுமுன் பச்சைத் தண்ணீரில் அலசிச் சவர்க்காரம் போட வேண்டும், வெந்நீரும் கூடாது.

இனி, புளியைப் பார்ப்போம். செராங்கூன் சாலையில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னே வெண்கலக் குத்துவிளக்கும் செம்புக் குடமும் துலக்காத வீடு உண்டா? பழம் புளியில் சிறிது உப்புச் சேர்த்துத் தேய்த்தால் பித்தளை பொன்போல் மின்னுகிறது. காரணம், காற்றுப் பட்டுச் செம்பின் மேல் படியும் கறுப்பையும் பச்சைக் களிம்பையும் புளியின் புளிப்புக் கரைத்துவிடுகிறது. இதில் பல தாய்மார்கள் ஒரு காரியம் செய்கிறார்கள்: நன்றாக ஊறட்டும் என்று இரவு முழுதும் புளியைப் பூசி வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். களிம்பு கரைந்தபின் புளிப்பு உலோகத்தையே தின்னத் தொடங்கும். சில நிமிடம் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டால் போதும். ஈரத்தோடு வைத்த விளக்கு மறுநாளே மங்கும். குறை புளியில் இல்லை, துடைக்காத கையில் இருக்கிறது.

அலுமினியப் பாத்திரம் வேறு விதம். லயத்து வீடுகளில் அது நிறைய. அதற்குச் சாம்பல் நீரும் சோடாவும் ஆகாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பதே போதும். பளிங்குத் தரை, சிமெண்டுத் தரை, கல் பதித்த பழைய அடுக்குமாடி வீட்டுத் தரை ஆகியவற்றுக்கு எலுமிச்சையும் காடியும் ஆகா. அங்கே புளிப்புக் கல்லையே தின்றுவிடும். மினுமினுப்புப் போய்ச் சொரசொரப்பாகும். செங்கற்பொடியும் ஆற்று மணலும் இரும்புக் கல்லுக்கும் தடித்த பித்தளைக்கும் சரி. ஒட்டாத தோசைச் சட்டியில் அவற்றை வைத்துத் தேய்த்தால் சட்டி அன்றோடு தீர்ந்தது.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நடுநிலைக்காரர்கள். அவற்றில் இயற்கையாகவே நுரை தரும் பொருள் உண்டு. பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. பூந்திக்கொட்டை நீர்தான் ஏற்றது. நாலைந்து கொட்டையின் தோலை உடைத்து வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் ஒரு சேலைக்குப் போதும். தேக்காக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த ஊருக்குச் செய்யும் துரோகமாகும்! நகர நடுவில் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம் என்று வெள்ளை வெளேரென ஒரு கட்டடம் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். 1856 முதல் 1861 வரை அதைக் கட்டியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். அதன் சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். முட்டை, வெல்லம், தேங்காய் மட்டை! அடுப்பங்கரைச் சாமான்களால் மெருகேறிய தேவாலயம் அது. கையில் விலங்கோடு வந்தவர்களின் கைவேலையை வந்த துரைமார் வியந்து பார்த்தார்கள்.

லயத்துச் சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பதும் அழகுக்கு மட்டுமன்று. சுண்ணாம்பு கடுமையான காரம், சுவரில் பூஞ்சை பிடிப்பதைத் தடுக்கும், கிருமிக்கும் பகை. ஆனால் நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. கண்ணில் விழுந்த சுண்ணாம்பு பார்வையைப் பறித்துவிடும்.

பாட்டி செய்ததெல்லாம் சரி, கடையில் வருவதெல்லாம் விஷம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இப்போது அப்படிப் பேசுவது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. அதற்கும் நாங்கள் எதிரி. பாட்டி தரையைச் சாணத்தால் மெழுகினாள். மண் தரைக்கு அன்று வேறு வழியில்லை. ஆனால் சாணத்தில் தீங்கான கிருமிகள் இருக்கலாம். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதற்கு இன்று இடமில்லை. அதுபோலவே, காடியையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து, பொங்கி வருகிறது பார், எல்லா அழுக்கும் போகும் என்று பெருமையாகச் சொல்லுகிறார்களே, அதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒன்று காரம், மற்றொன்று புளிப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்குவது வெறும் காற்று. எஞ்சுவது உப்புத் தண்ணீர். கணவனும் மனைவியும் சண்டையிட்டால் வீட்டு வேலை நடக்குமா? அப்படித்தான்! அடைபட்ட குழாயில் அந்தப் பொங்கல் சற்று அசைவு கொடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முதலில் சோடாவைப் போட்டுத் தேயுங்கள், அலசுங்கள். பிறகு தேவையானால் காடி ஊற்றுங்கள். தனித்தனியாக இருந்தால் இரண்டும் வேலை செய்யும்.

காடி கிருமியைக் கொல்லுமா என்று கேட்கிறார்கள். சிலவற்றைத் தளர்த்தும், முழுதும் நம்ப முடியாது. வீட்டில் வாந்தி பேதி வந்தவர் இருந்தால் காடியை நம்பி இருக்கலாகாது. அங்கே வெளுப்பு நீர் வேண்டும். பிளீச் என்கிறோமே, அதுதான். பொதுவாகக் கடையில் விற்பது நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கும்; போத்தலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்த வகையில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்த்தால், ஆயிரத்துக்கு ஒரு பங்குக் கரைசல் கிடைக்கும். 2020ல் கொரோனா நோய் பரவிய காலத்திலே பொது இடங்களைத் துடைக்கச் சிங்கப்பூரில் சொல்லப்பட்டதும் இந்த அளவுதான். முதலில் சவர்க்கார நீரால் அழுக்கை நீக்கிவிட்டு, பிறகு இதைப் பூசிச் சில நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து அழுக்கோடு சண்டையிட்டே தீர்ந்துபோகும். கரைத்ததை அன்றே செலவழித்துவிடுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதிகம் ஊற்றினால் அதிகச் சுத்தம் என்பதும் இல்லை. மூச்சு எரிவதுதான் மிச்சம்.

இப்பொழுது கவனமாகக் கேளுங்கள், அம்மா. வெளுப்பு நீரோடு வேறு எதையும் கலக்கக்கூடாது. காடி கூடாது, எலுமிச்சை கூடாது, கழிப்பறை கழுவும் ஆசிட் கூடவே கூடாது. புளிப்புச் சேர்ந்த கணத்தில் குளோரின் என்னும் நச்சுக்காற்று கிளம்பும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலக யுத்தத்திலே பெல்ஜியத்தின் ஈப்ர் என்ற ஊருக்கருகில் ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட காற்று அதுதான். ஒன்றும் அறியாத நம் தாய்மார்கள், இரண்டு போத்தலும் சேர்ந்தால் இரட்டைச் சுத்தம் என்று நினைத்து, ஜன்னல் இல்லாத குளியலறையில் அதே காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள்! அமோனியாவோடு சேர்ந்தாலும் ஆபத்து. தோட்டத்துக்காரர்களுக்கு இது மிகவும் பொருந்தும். பால் வாளி கழுவுகிற இடத்தில், அமோனியா சிந்திய துணி ஊறுகிற வாளியில், வெளுப்பு நீரைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். குழந்தையின் மூத்திரத் துணி தேங்கிய வாளியிலும், அலசாமல் ஊற்றக்கூடாது. மூத்திரம் புளித்தால் அமோனியாதான். தவறிக் கலந்துவிட்டால் நின்று துடைக்க வேண்டாம். மேலும் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்றும் வேண்டாம். வெளியே வந்துவிடுங்கள், கதவைத் திறந்து விடுங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இதைவிடச் சத்தமில்லாத ஓர் ஆபத்து நம் பெட்டிக்குள் இருக்கிறது. பாச்சை உருண்டை! வெள்ளை வெள்ளையாக, கற்பூரம்போல் வாசம் வீசும் அந்த நாப்தலீன் உருண்டை. பட்டுச் சேலைக்குள் வைக்கிறோம். மூத்த பிள்ளையின் சின்னச் சட்டைகளை மடித்து அடுத்த பிள்ளைக்கென்று பெட்டியில் போடும்போதும் நாலு உருண்டை போடுகிறோம். அடுத்த பிள்ளை பிறந்ததும் அந்தச் சட்டையை எடுத்து அப்படியே போட்டுவிடுகிறோம்.

சிங்கப்பூரின் கதையைச் சொல்கிறோம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்த ஊரில் பிறந்த பச்சைக் குழந்தைகளில் பலர் மஞ்சட் காமாலை முற்றி, அது மூளையைத் தாக்கி மாண்டார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் காது கேளாமலும் கைகால் வழங்காமலும் ஆனார்கள். காரணம் தேடியவர்களில் முன்னின்றவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹொக் பூன். ஜி6பிடி என்று ஒரு பொருள் ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் காவற்காரன். பிறவியிலேயே அது குறைந்த குழந்தைகள் உண்டு. ஆண் குழந்தைகளில் அதிகம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எவருக்கும் வரலாம். சாதாரணமாக அந்தக் குழந்தை நன்றாகவே இருக்கும். ஆனால் சில பொருள்கள் உடம்பில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் மளமளவென உடையும், காமாலை ஏறும். அப்பொருள்களில் ஒன்றுதான் நாப்தலீன். உருண்டையை விழுங்க வேண்டியதில்லை, தோழர்களே! துணியில் ஏறிய ஆவியே மூச்சு வழியும் தோல் வழியும் போதும்.

1965ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இந்தக் குறையைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. உலகில் இதை நாடு முழுவதும் முதன்முதலாகச் செய்த இடங்களில் இது ஒன்று. குறை கண்ட குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துப் பார்த்தார்கள். தாய்மார்களுக்கு எதெது ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காமாலைச் சாவு மிகவும் அருகிப்போயிற்று. பெரிய யந்திரம் வந்து செய்த அற்புதமன்று. ஒரு துளி ரத்தமும், வீட்டில் ஓர் உருண்டையை எடுத்து எறியச் சொன்ன புத்தியும் செய்த காரியம். மலேசியாவிலும் பிறந்த குழந்தைக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அட்டையில் ஜி6பிடி என்று எழுதியிருந்தால் அதை மடித்துப் பெட்டியடியில் போடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பேரனைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து வரும் பாட்டிக்கும் சொல்லுங்கள். மருதாணியும் அந்தக் குழந்தைக்கு ஆகாது. காலில் வைத்து அழகு பார்க்க வேண்டாம். மருந்துக்கடை மருந்தோ நாட்டு மருந்தோ, மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் பூச்சிக்கு என்ன செய்வது? துணியை நன்றாகத் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பூச்சி தேடி வருவது வியர்வையும் சோற்றுக் கறையும் உள்ள துணியைத்தான். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடலாம். அது உருண்டையளவு கடுமையாக வேலை செய்யாது, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், துணியை எடுத்து உதற வேண்டும். கொஞ்சம் வேலைதான். முன்னரே உருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குப் போட வேண்டாம். அடுத்த தெருவில் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காசைச் சேமிக்க வேண்டியதில்லை.

கொசுவைப் பற்றி நீட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. 2020ல் இந்தச் சிறு தீவில் 35,315 பேருக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டது. அதுவரை ஓராண்டில் இத்தனை பேருக்கு வந்ததில்லை. பூந்தொட்டித் தட்டு, வாளி, ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் மூங்கில் கழி செருகும் குழாய் என இத்தனை சிறிய இடத்தில் தேங்கும் நீரே அதற்குப் போதும். தோட்டத்தில் மரத்தில் கட்டிய மங்கு இருக்கிறதே, வெட்டாத நாட்களில் அதில் மழைநீர் நின்றாலும் அந்த ஜாதிக் கொசு முட்டையிடும். வெட்டு நின்ற மரத்தின் மங்கைக் கவிழ்த்து வைப்பது பால் வெட்டுவோர் வீட்டையும் காக்கும் வேலை. அதற்கு நேரமும் கூலியும் தர வேண்டியது நிர்வாகம் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

கூலி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1968 அக்டோபரில் பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். வாளிக் கழிவறை முறை 1987ல்தான் இந்த ஊரை விட்டு முற்றாக ஒழிந்தது. சுத்தமான நகரம் என்று உலகம் புகழ்கிறது. புகழட்டும். ஆனால், விளக்குமாறு பிடித்த கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது சங்கக்காரன் வழக்கம். துப்புரவுக் கம்பெனிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றும், உள்ளூர்த் துப்புரவுத் தொழிலாளிக்கு இத்தனை வெள்ளிக்குக் குறையாமல் படிப்படியாகக் கூட்டிச் சம்பளம் தரவேண்டும் என்றும் 2014ல்தான் சட்டம் வந்தது. தொடக்கம் 1,000 வெள்ளி. பிறகு உயர்ந்துகொண்டு வருகிறது. ஊரைக் கூட்டியவனுக்கே அத்தனை காலம் பிடித்ததென்றால், வீட்டைக் கூட்டும் தாய்க்கு என்ன கணக்கு? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, வீடு திரும்பி, மறுபடி சட்டியும் துணியும். ஆண்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கிறோம். இந்தப் பத்திரிகையாகவே இருந்தாலும் அது நியாயமாகாது! வெண்கலம் துலக்க நல்ல தோள்வலி வேண்டும். பால் வாளி சுமக்கும் தோளுக்கு அது தாராளமாக இருக்கிறது.

துலக்கும்போது கைக்கு உறை போடுங்கள். அந்த உறையில் நம் வியர்வை இருக்கிறது. 1877ல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை அது. உலகத்துக்கெல்லாம் மலேசியா கையுறை செய்து அனுப்புகிறது. மரம் வெட்டும் வீட்டில் அம்மாவின் கை சோடாவில் வெந்து கிடக்கிறது. ரப்பர் உறையோடு மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள், ஊறிப் பெருத்துக் கிழியும். ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் தோல் தடிப்பவர்கள் வேறு வகை உறை வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாகக் கிராணிமார்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். ஸ்டோரிலிருந்து கொஞ்சம் ஆசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கடை கழுவுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. ஃபார்மிக் ஆசிட்டும் பார்ப்பதற்குத் தண்ணீர்தான். கேரளத்து ரப்பர்ப் பகுதிகளில் அதை விழுங்கித் தொண்டையும் குடலும் வெந்து, சிறுநீரகமும் கெட்டு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்டோர் ஆசிட் ஸ்டோரிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம். மண்ணெண்ணெய், வெளுப்பு நீர், குழாய் அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடா எதையும் குடிக்கும் போத்தலில் ஊற்றக்கூடாது. அப்படிக் குடித்துவிட்ட பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போது மறுபடி சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து ஓடுகிற நீரில் இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து, கழுவிய பிறகே வண்டி தேட வேண்டும்.

நம் லயங்களில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் தமிழ் மட்டும் படிப்பவர்களும் இருக்கிறார்கள். போத்தலில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம், மலாய், சீனம். ஆகையால் கிராணிமார் கையெழுத்தில் தமிழில் சீட்டு எழுதித் தர வேண்டும். என்ன சரக்கு, எத்தனை தண்ணீருக்கு எவ்வளவு, எதோடு சேரக்கூடாது. மூன்று வரி போதும். பெரிய எழுத்தாக, மை கரையாதபடி எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டுக்குச் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, இது தொடாதது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். வெட்டிய தாளும் பசையும் மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் போத்தல்களின் பெயரைச் சொல்லி, வரிசையில் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.